உடைக்காத தண்ணீர்க் குப்பி

ரேடியோ காலையிலிருந்து ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் அந்த வெயிலைப் பற்றியே பத்து நிமிஷம் பேசியிருப்பான்.

ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அணைக்க வழியில்லாமல் பேசிக்கொண்டே இருக்கிறானே என்று தெருவில் யாரோ வைத்தது, ஒட்டிக்கொண்டது. அவனுடைய முதலாளியம்மாவுக்கும் அதே கதைதான். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் நிஜமாகவே செத்துப்போனவர்களைக்கூட நம்பாமல் விசாரித்த அம்மாள். அதனால் அவருக்கு 'சந்தேகம் மேடம்' என்று பெயர். இப்போது சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறார். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு ரேடியோ. அவ்வளவுதான் சொத்து.

இதுவரை அடுத்தவர் வீட்டுக் கஷ்டத்தில்தான் ரேடியோ மூக்கை நுழைத்திருக்கிறான். இந்தத் தடவை கஷ்டம் சொந்த அக்கா வீட்டில். அக்காவின் கணவர், இவனுக்கு மாமா, இந்த ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்குப் பொறுப்பாளர். இரண்டு நாள் முன்பு பாம்பு கடித்து ஒரு வாலிபன் வந்தான். நேரத்தோடு வந்தான், மருந்தும் ஏற்றினார்கள். மருந்து வேலை செய்யவில்லை. பிழைக்க வேண்டியவன் செத்துப்போனான். சோதித்துப் பார்த்தால் மருந்து சூட்டில் கெட்டுப்போயிருந்தது. போலீஸ் வந்து முதல் கேள்வியைக் கேட்பதற்குள் மாமா தானாகவே முன்னால் போய் நின்றார். "ஃபிரிட்ஜைத் துடைக்கறதுக்காக வெளிய எடுத்து வச்சேன். திரும்ப உள்ள வைக்க மறந்துட்டேன்" என்றார்.

இன்று மதியம் கோர்ட். அங்கேயும் இதையே சொன்னால் முடிந்தது கதை. அப்புறம் யார் வந்தாலும் அவரை மீட்க முடியாது.

அக்கா நேற்று ஆபீஸுக்கே வந்துவிட்டாள். அவளும் இதே ஆஸ்பத்திரியில்தான் மூன்றாம் மாடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். "சிலிண்டரை மூடினோமான்னு மூணு தடவை எழுந்து போய்ப் பாக்கற மனுஷன்டா உங்க மாமா. அவர் மறந்தாராம். யாரையோ காப்பாத்தறார். அது யாருன்னு கண்டுபிடி" என்று சொல்லிவிட்டு அழுதாள். ரேடியோ கண்டுபிடிப்பதாக வாக்குக் கொடுத்தான். அவன் கொடுக்கிற வாக்கெல்லாம் காற்றோடு போகிறவை. இதை மட்டும் நெஞ்சில் கைவைத்துச் சொன்னான்.

வாசல் மரத்தடியில் செத்துப்போனவனின் அம்மா உட்கார்ந்திருந்தாள். உடம்பை எடுத்துக்கொண்டுபோய்க் காரியம் முடித்துவிட்டுத் திரும்பவும் இங்கேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

"நீங்க போலீஸா?" என்றாள்.

"இல்லம்மா. ஆனா விசாரிக்கத்தான் வந்திருக்கோம்" என்றார் சந்தேகம் மேடம், பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டு.

"அப்ப இதைப் பாருங்க. போலீஸ்காரங்க பாக்கவே மாட்டேங்கறாங்க." கவருக்குள்ளிருந்து சட்டையும் பெல்ட்டும் வந்தன. கடைசியில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி வந்தது. "நர்ஸம்மா எல்லாத்தையும் வாரி இதுக்குள்ள போட்டுக் குடுத்தாங்க. இந்த மருந்தை அவனுக்குப் போடவே இல்ல. கழுத்தைக்கூட உடைக்கல. இதையும் போட்டிருந்தா என் புள்ள எழுந்து உக்காந்திருப்பான்."

ரேடியோ குனிந்து குப்பியின்மேல் இருந்த பொடி எழுத்தைப் படித்தான். ஊசிக்கான சுத்தமான நீர். வெறும் தண்ணீர். வாயைத் திறக்கப் போனான். மேடத்தின் செருப்பு அவன் கால்விரலை அழுத்தியது. மூடிக்கொண்டான்.

"இதைக் கொஞ்ச நேரம் குடுப்பீங்களாம்மா?"

"மாட்டேன். இதையும் குடுத்துட்டா எங்கிட்ட என்ன இருக்கு?"

அதற்குமேல் மேடம் கேட்கவில்லை. எழுந்து நடந்தார்.

"தண்ணி மேடம்" என்றான் ரேடியோ, காதுக்கு எட்டாத தூரம் வந்ததும். "பாவம், வெறும் தண்ணியைக் கட்டிப் பிடிச்சுட்டு உக்காந்திருக்காங்க."

"தண்ணின்னு எனக்கும் தெரியும். அதை அங்க யார் கேட்டா?"

"புரியல."

"பொடியா வர்ற மருந்துக்குத்தான் தண்ணி கலக்கணும். அப்படின்னா அந்தப் பையனுக்கு ஏத்தினது புட்டியிலயே திரவமா வந்த மருந்தாத்தான் இருக்கணும். அதனாலதான் நர்ஸ் தண்ணியை உடைக்காம ஓரமா வச்சுட்டாங்க. அப்ப அதை அனுப்பினது யாரு? எதுக்கு?"

ரேடியோ யோசித்தான். "ஜூஸ் வாங்கினா ஸ்பூன் குடுத்த மாதிரி."

"அதேதான். ஸ்பூன் குடுத்த கையைப் பிடி."

*

மருந்துக் கிடங்கு அடித்தளத்தில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் அனல் முகத்தில் அடித்தது. தற்காலிகமாகப் பொறுப்பேற்றிருந்தவர் ஒல்லியான மனிதர். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"கை வலியா சார்?" என்றான் ரேடியோ.

"இல்லைங்க. எதையும் தொடறதில்லைன்னு வச்சிருக்கேன். தொட்டவர் ஸ்டேஷன்ல இருக்கார்."

அவர் சொன்ன கதை எளிமையானது. மருந்துப் பெட்டி வந்ததும் மெஷினில் காட்டுவார்கள். மெஷின் ஒரு ஸ்டிக்கரை அச்சடித்துத் தரும். திறந்த ரேக்கா ஃபிரிட்ஜா, எப்படிக் கொடுப்பது, கூட என்ன அனுப்புவது, எல்லாம் அதில் வந்துவிடும். ஒட்ட வேண்டியது, வைக்க வேண்டியது, அவ்வளவுதான் வேலை.

"வார்டுக்குத் தண்ணிக் குப்பி அனுப்பினது யாரு?"

"நாங்களா எதையும் அனுப்பறதில்லைங்க. பாம்புக்கடி மருந்தைக் கேட்டா, கூடவே தண்ணியும் அனுப்புன்னு மெஷின் சொல்லுது. அனுப்பறோம்."

"அந்த மருந்துல மிச்சம் இருக்கா?"

அவர் கையை எடுக்காமல் தாடையால் ஃபிரிட்ஜைக் காட்டினார். ரேடியோவே கதவைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்தான். ஸ்டிக்கரை உரக்கப் படித்தான். "ரேக். சுத்த நீர் சேர்த்துக் கரையும்வரை குலுக்கவும்." பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டினான். உள்ளே தளும்பியது. "என்னத்தைக் கரைக்கறது? ஏற்கெனவே கரைஞ்சுதான் நிக்குது."

சந்தேகம் மேடம் பெட்டியை வாங்கி ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பினார். மெதுவாக, பச்சைக் காயத்தின் கட்டைப் பிரிப்பதுபோல உரித்தார். அடியில் மருந்துக் கம்பெனி அச்சடித்திருந்த படம் இருந்தது. நீல நிறத்தில் ஒரு பனித்துகள், 'குளிரில் வைக்கவும்' என்ற எழுத்து. ஆஸ்பத்திரியின் ஸ்டிக்கர் கச்சிதமாக அதன்மேலேயே உட்கார்ந்திருந்தது.

"ஸ்டிக்கர்ல ரேக்னு இருக்கே, இப்ப எப்படி ஃபிரிட்ஜுக்குள்ள வந்துச்சு?"

"அந்தப் பையன் செத்த அன்னிக்கு அவரே எல்லாத்தையும் தூக்கி உள்ள வச்சார். அப்புறம் மாடிக்கு ஒரு தடவை போயிட்டு வந்தார். போலீஸ் வந்துச்சு."

"அதுக்கு முன்னால?"

"ரேக்லதான். வந்த நாள்லேருந்து ரேக்லதான் இருந்துச்சு."

ரேடியோ மனசுக்குள் கணக்குப் போட்டான். ஃபிரிட்ஜில் இல்லாத மருந்தை ஃபிரிட்ஜிலிருந்து எப்படி எடுக்க முடியும்? மாமா சொன்னது பச்சைப் பொய். "இதை ஏன் சார் போலீஸ்ல சொல்லல?"

"கேக்கலைங்க. ஒத்துக்கிட்ட ஆள் இருக்கறப்ப யார் வந்து எங்ககிட்ட கேக்கப் போறாங்க?"

படியேறும்போது ரேடியோவின் வாய் திரும்ப வந்துவிட்டது. "மாமா தப்பிச்சார் மேடம். மெஷின் சொன்னதைக் கேட்டார், அவ்வளவுதான். இன்னிக்கு ராத்திரி அக்கா வீட்டுல எனக்கு விருந்து. நீங்களும் வாங்க."

"தப்பிக்க வேணாம்னுதானே அவர் உள்ள போய் உக்காந்திருக்கார்" என்றார் மேடம். "விருந்தை அப்புறம் பாக்கலாம்."

*

மூன்றாம் மாடி அறையில் குளிர் நடுக்கியது. மருந்துக்குக் கிடைக்காத குளிர் இங்கே கம்ப்யூட்டருக்குக் கொட்டிக் கிடந்தது. மூன்று நாற்காலிகள் காலியாக இருந்தன. ஒன்றின் முதுகில் அக்காவின் சாம்பல் நிற ஸ்வெட்டர் தொங்கியது.

ஸ்வெட்டர் போட்ட இன்னொருவர் உள்ளே இருந்தார். மருந்துகளை வகை பிரிக்கும் ஏற்பாட்டையே உருவாக்கியவர். எல்லோரும் வகைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். "உங்க அக்கா ஸ்டேஷனுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருக்காங்க. இப்ப ஷிஃப்டுக்கு வந்துடுவாங்க. மத்த ரெண்டு பேரும் லீவு" என்றார்.

"உங்க மெஷின் திரவத்தைப் பொடின்னு நினைக்குது" என்றார் மேடம் எடுத்த எடுப்பில்.

வகைக்காரர் சிரித்தார். "மெஷின் நினைக்காது மேடம். நாம சொன்னதைக் கோத்துச் சொல்லும்." சுவரில் இருந்த பெரிய திரையில் ஒரு மரம் விரிந்தது. தலைகீழ் மரம். உச்சியில் 'மருந்து', கீழே கிளை, அதற்குக் கீழே கிளை. "மேல இருக்கறதுக்கு என்னென்ன உண்டோ, கீழ இருக்கற எல்லாத்துக்கும் அது தானா இறங்கிடும். காகம் ஒரு பறவைன்னு சொல்லிட்டா போதும். காகத்துக்கு இறக்கை உண்டுன்னு தனியா எழுத வேண்டாம். பொடி ஊசி மருந்துன்னு ஒரு வகை. அதுக்கு ரேக், அதுக்குத் தண்ணி, குலுக்கல். அதுக்குக் கீழ எதை மாட்டினாலும் இதெல்லாம் கிடைச்சிடும். எவ்வளவு வேலை மிச்சம் பாருங்க."

"பாம்புக்கடி மருந்து எங்க தொங்குது?"

"பொடி ஊசி மருந்துக்குக் கீழ. நாங்க வாங்கினது அத்தனையும் பொடிதான்."

"அப்ப இந்தத் திரவம்?"

அவர் விரல் திரையில் நகர்ந்தது. 'பாம்புக்கடி மருந்து' என்பதற்குக் கீழே புதிதாக ஒரு சின்னக் கிளை. திரவப் பாம்புக்கடி மருந்து. "சரியான இடத்துலதானே இருக்கு. திரவமா இருந்தாலும் அது பாம்புக்கடி மருந்துதானே" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். அவர் கண் அந்தக் கிளையிலிருந்து மேலே ஏறியது. திரவம் ஒரு பாம்புக்கடி மருந்து. பாம்புக்கடி மருந்து ஒரு பொடி. இன்னொரு முறை ஏறி இறங்கியது.

"இருங்க, எனக்குப் புரியற மாதிரி சொல்றேன்" என்றான் ரேடியோ. "உங்க ஊர்ல இருக்கற தபால்காரர் அத்தனை பேருக்கும் மீசை. அதைப் பாத்துட்டு, தபால்காரர்னா மீசைக்காரர்னு எழுதி வச்சிட்டீங்க. மீசைக்காரர் எல்லாருக்கும் மாசாமாசம் சின்னக் கத்தரிக்கோல் குடுக்கறீங்க. இப்ப ஒரு தபால்காரம்மா வேலைக்குச் சேர்ந்திருக்காங்க. அவங்களுக்கும் கத்தரிக்கோல் போயிருக்கு."

மேடம் சிரிக்கவில்லை. "தபால்காரம்மாவைத் தபால்காரர் வகையில சேர்த்தது தப்பா?"

"இல்ல" என்றார் வகைக்காரர் மெல்ல. "அவங்க அங்கதான் இருக்கணும்."

"அப்ப தப்பு எங்க?"

"தபால்காரரைக் கொண்டுபோய் மீசைக்குக் கீழ மாட்டினதுல. எதுக்கான மருந்துங்கறது ஒண்ணு, எந்த உருவத்துல இருக்குங்கறது வேற ஒண்ணு. ரெண்டையும் தனித்தனியா பிரிச்சிருக்கணும். ஒரே கிளையில கோத்தாச்சு."

"யார் கோத்தது?"

"நான்தான். கோத்த அன்னிக்கு எல்லாருக்கும் மீசை இருந்துச்சு மேடம்."

அப்புறம் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாட்டிக்கொண்டவன் வெளியே வர வழி தேடும்போது வருகிற தெளிவு அவர் குரலில் வந்தது. "ஆனா ஒண்ணு. நான் எழுதினப்ப அது உண்மை. புதுசா ஒரு வகையைத் தொங்கவிடறவங்க, மேலேருந்து என்னென்ன இறங்குதுன்னு பாத்துட்டுத்தான் விடணும். பயிற்சியிலயே சொல்லியிருக்கேன். எந்த விசாரணையிலயும் கடைசியா கை வச்சவங்களைத்தான் கேப்பாங்க."

"கடைசியா கை வச்சது யாரு?"

"இந்த மூணு பேர்ல ஒருத்தர். ஒரே பாஸ்வேர்டு, அதனால மெஷினுக்குத் தெரியாது. ஒவ்வொரு வகைக்கும், அது என்ன, மேல இருக்கறதுலேருந்து எதுல வேறன்னு ஒரு வரி எழுதணும். அதைப் படிச்சா ஏதாவது தெரியுதான்னு பாருங்க."

அவர் கிளையைத் தொட்டார். ஒரு வரி விரிந்தது.

'பாம்புக்கடி மருந்துதான், ஆனா கரைச்சே வர்றது.'

ரேடியோ அதைப் படித்தான். திரும்பவும் படித்தான்.

அக்கா வீட்டுச் சமையலறையில் வரிசையாக டப்பாக்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் அக்காவின் கையால் எழுதின சீட்டு. 'சர்க்கரைதான், ஆனா பொடிச்சது.' 'உப்புதான், ஆனா கல்லு.' 'டீத்தூள்தான், ஆனா விருந்தாளிக்கு.' அவனையும் அவள் அப்படித்தான் எல்லோருக்கும் அறிமுகம் செய்வாள். தம்பிதான், ஆனா வாய் ஜாஸ்தி. இந்த உலகத்தில் இப்படி எழுதுகிறவள் ஒருத்திதான்.

"இதை இப்பவே கழட்டி ஃபிரிட்ஜ் பக்கம் மாட்டுங்க" என்று மேடம் சொல்வது எங்கோ தூரத்தில் கேட்டது.

"எனக்குப் பாக்கத்தான் அனுமதி. மாத்தறது அவங்கதான். ஷிஃப்டுக்கு வரட்டும்."

"இந்த மரம் இந்த ஆஸ்பத்திரிக்கு மட்டும்தானா?"

"இல்ல மேடம், எங்க ஏழு ஆஸ்பத்திரிக்கும் இதே" என்று பெருமையோடு ஆரம்பித்த வகைக்காரர், வாக்கியத்தை முடிக்கவில்லை.

*

ஆட்டோவில் ஏறியதும் ரேடியோ டப்பாக்களைப் பற்றிச் சொல்லிவிட்டான். சொல்லாமல் இருந்திருக்கலாம். சந்தேகம் மேடத்திடம் பொய் சொல்லி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை என்பதால் சொன்னான்.

மேடம் போனை எடுத்து மற்ற ஆஸ்பத்திரிகளின் கிடங்குகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். எல்லா இடத்திலும் அந்தத் திரவ மருந்து இருந்தது. எல்லா இடத்திலும் ரேக்கில்தான் இருந்தது.

"ஃபிரிட்ஜுக்கு மாத்தி வைங்க, அது கெட்டிருக்கும், யாருக்கும் போடாதீங்க" என்றார் ஒருவரிடம்.

ஸ்பீக்கரில் அந்த மனிதரின் குரல் கேட்டது. "சிஸ்டத்துல ரேக்னு இருக்கு மேடம். நானா இடம் மாத்தி வச்சு ஏதாவது ஆச்சுன்னா? அங்க ஒருத்தர் இடம் மாத்தி வச்சதாலதானே உள்ள இருக்கார். எனக்கும் குடும்பம் இருக்கு. சிஸ்டத்துல மாத்தச் சொல்லுங்க, உடனே செய்யறேன்."

அடுத்தவரும் இதையே சொன்னார். அதற்கடுத்தவர் போனையே வைத்துவிட்டார். மாமா சொன்ன பொய் ஊரெல்லாம் பரவி, கிடங்குக்காரர்கள் அத்தனை பேர் கையையும் கட்டிப்போட்டிருந்தது. அக்காவைக் காப்பாற்றச் சொன்ன பொய் அது.

"அக்காகிட்ட ஏன்னு சொல்லாம மாத்தச் சொல்லிடலாமா மேடம்?"

"அந்த வரியைத் திறக்காம மாத்த முடியுமா?"

"முடியாது."

"திறந்ததும் அவளுக்கு எல்லாம் தெரிஞ்சு போயிடும். அவ ஒண்ணும் முட்டாள் இல்ல." மேடம் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "முதல்ல உங்க மாமாகிட்ட சொல்லணும். அது அவருக்கு நாம செய்ய வேண்டிய மரியாதை."

*

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். உரித்த ஸ்டிக்கரைக்கூட வாங்கிப் பார்த்தார்.

"ஆக, ஒருத்தர் ஒரு உண்மையை எழுதியிருக்கார். இன்னொருத்தர் இன்னொரு உண்மையை எழுதியிருக்கார். ரெண்டும் சேர்ந்து ஒரு பொய் ஆகி, அந்தப் பையன் செத்துட்டான். நம்பறேன்மா. நான் யாரைப் பிடிக்கறது?"

"யாரையும் பிடிக்க வேணாம்னு எழுதுங்க."

இன்ஸ்பெக்டர் தன் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினார். "எங்களுக்கும் வகை இருக்கும்மா. கொலை, தற்கொலை, விபத்து, கவனக்குறைவு. கெட்ட மருந்து ஏத்தினது விபத்துல வராது, கவனக்குறைவுலதான் வரும். அதைத் தொட்டா உடனே குற்றவாளி பேர் கேக்கும். பேர் போடலைன்னா அடுத்த பக்கம் போகாது. நான் என்ன செய்ய?"

மாமா சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அக்கா கொண்டுவந்த சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது. ரேடியோ அருகில் போய் உட்கார்ந்தான்.

"அவ இப்பதான் போனா" என்றார் மாமா. "வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னா."

"மாமா, அந்த வரியை நான் படிச்சுட்டேன்."

மாமா எதிர்ச் சுவரைப் பார்த்தபடி சொன்னார். "ஸ்டிக்கரை உரிச்சுப் பாத்தப்பவே எங்கேருந்து வந்திருக்கும்னு தெரிஞ்சுபோச்சு. மாடிக்குப் போனேன். அவ சீட்டுல இல்ல. திரையில அந்த வரியைப் படிச்சேன். வீட்டு டப்பாவைப் படிச்ச மாதிரி இருந்துச்சுடா. போன மாசம் வந்து சந்தோஷமா சொன்னா. புது மருந்து வந்துச்சு, எங்க வைக்கறதுன்னு யாருக்கும் தெரியல, நான்தான் இடம் கண்டுபிடிச்சேன்னு. அவ மேல என்ன தப்பு? நான்தான் பெட்டியைப் பாக்காம ஸ்டிக்கரைப் பாத்து வச்சவன். என் கை வழியாத்தானே போச்சு. அப்ப நானே இருந்துட்டுப் போறேன். எங்க பாப்பாவுக்கு அம்மா வேணும்."

"மாமா."

"நீ ஒண்ணும் பேசாதே. எப்பவும்தான் பேசறே. இந்த ஒரு தடவை பேசாம இரு. உன் அக்காவுக்காகக் கேக்கறேன்."

ரேடியோ பேசாமல் இருக்கத்தான் ஆசைப்பட்டான். வாழ்க்கையில் முதல்முறையாக ஆசைப்பட்டான். ஆனால் முடியவில்லை. மற்ற ஆஸ்பத்திரிகளைப் பற்றிச் சொன்னான். ரேக்கில் வெந்துகொண்டிருக்கிற புட்டிகளைப் பற்றியும், தொடமாட்டேன் என்று சொன்ன கிடங்குக்காரர்களைப் பற்றியும், அவர்கள் ஏன் தொடமாட்டார்கள் என்பதையும் சொன்னான்.

மாமாவின் முகம் ரேடியோ பார்த்துக்கொண்டிருக்கும்போதே வயதாகிப் போனது. "நம்ம கிடங்குல இருந்ததை நான் மாத்தி வச்சுட்டேனே" என்றார். "அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேனே."

"முடியல மாமா."

"பாம்பு இன்னிக்கும் யாரையாவது கடிக்கும்." அவர் சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திறக்கப்போய், திறக்காமலே மூடினார். "சொல்லிடு. நீயே சொல்லு. வேற யாரும் சொல்ல வேண்டாம்."

*

அக்கா இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். "கண்டுபிடிச்சுட்டியா? யாருடா அது?"

"அக்கா, நீ சீட்டுலதானே இருக்கே? முதல்ல ஒரு வேலை செய். திரவப் பாம்புக்கடி மருந்தை அங்கேருந்து கழட்டி, ஃபிரிட்ஜ்ல வைக்கற மருந்துக்குக் கீழ மாட்டு. எல்லா இடத்துலயும் இப்ப இருக்கற புட்டியை யாருக்கும் போடக் கூடாதுன்னு ஒரு எச்சரிக்கையும் போடு. உடனே."

"ஏன்?"

"செய்யேன் அக்கா."

தட்டச்சு சத்தம் கேட்டது. அப்புறம் நின்றது. மறுமுனையில் அவள் மூச்சு மட்டும் வந்தது. எதைப் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று ரேடியோவுக்குத் தெரியும். அந்த வரியிலிருந்து அவள் கண் மேலே ஏறுவதும், பொடி ஊசி மருந்து என்பதில் போய் நிற்பதும், திரும்ப இறங்குவதும் அவனுக்குக் கண்ணால் பார்ப்பதுபோலத் தெரிந்தது. தடுக்க ஒரு வழியும் இல்லை.

மறுபடியும் தட்டச்சு சத்தம். இப்போது வேகமாக, நிறுத்தாமல் கேட்டது.

"மாத்திட்டேன்" என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. அதைத்தான் ரேடியோவால் தாங்க முடியவில்லை. "எச்சரிக்கையும் போயிடுச்சு. ஏழு இடத்துலயும் பாத்துட்டாங்க."

"சரி அக்கா."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அதுக்குத்தான் உள்ள போய் உக்காந்திருக்காரா?"

ரேடியோ திரும்பிப் பார்த்தான். பெஞ்சில் மாமா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். சந்தேகம் மேடம் அவருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"எங்க ஜன்னல்லேருந்து பாத்தா வாசல் தெரியும்டா" என்றாள் அக்கா. "அந்தப் பையனோட அம்மா இன்னும் அங்கதான் உக்காந்திருக்காங்க. கையில என்னமோ வச்சிருக்காங்க. காலையில போறப்ப எங்கிட்டயும் காட்டினாங்க. ஒரு மருந்தைப் போடாம விட்டுட்டாங்கன்னு. நான் அவங்க கையைப் பிடிச்சு, யார் இப்படிப் பண்ணினாங்களோ அவங்களைச் சும்மா விடமாட்டோம்மான்னு சொல்லிட்டு வந்தேன்."

"அக்கா, நீ எழுதினது தப்பே இல்ல. வகைக்காரரே ஒத்துக்கிட்டார். அது அங்கதான் இருக்கணுமாம்."

"சர்க்கரைக்கு ஒண்ணு, உப்புக்கு ஒண்ணுன்னு எல்லாத்துக்கும் எனக்கு எழுத வந்துச்சு. எது எதுல வேறன்னு." அவள் நிறுத்தினாள். முதல்முறையாகக் குரல் உடைந்தது. "இதுக்கு நீயே சொல்லு. கொன்னதுதான், ஆனான்னு எழுதினா, அதுக்கப்புறம் என்னடா எழுதறது?"

மறுமுனையில் அக்கா காத்திருந்தாள். இந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர், பெயர் கேட்கும் இடத்தைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு, ரேடியோவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரேடியோ வாயைத் திறந்தான். ஒரு வார்த்தையும் வரவில்லை.